அப்பா படத்தின் மேல் கிடக்கும் துண்டு

பெரம்பலூர் மாவட்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சாமிதுரை மாமாவுக்கு, உங்கள் அக்கா வேம்புவின் மகள் முத்தமிழ் வணக்கம் சொல்லி எழுதுவது.

முதலில், எழுதுவதற்கே என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் யாரும் யாருக்கும் கடிதம் போடுவதில்லை. எங்கள் தெருவில் தபால்காரரைக் கண்டால் குழுக் கடன் நோட்டீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். போன் செய்யலாம் என்றுதான் சுமதி அத்தையிடம் உங்கள் நம்பரை வாங்கினேன். நீங்கள் எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எடுக்காமல் போனால் அதற்கப்புறம் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. காலேஜில் பேரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்வதற்குக்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்கிற ஆள் நான். அதனால் முகவரியையும் அத்தையிடமே கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குத் தற்காலிக வேலை, ஆடு மட்டும் நல்ல சௌக்கியம். திருப்பூரில் நீங்களும் அத்தையும் தம்பியும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போன வருஷம் அப்பாவின் கருமாதிக்கு நீங்கள் பார்சலில் அனுப்பின கோடிச் சேலை சரியாக வந்து சேர்ந்தது. அதைச் சொல்லக்கூட இங்கிருந்து யாரும் உங்களுக்குப் போன் செய்யவில்லை, அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது பார்சல்காரர் வந்து நடுவில் நின்று, “வேம்புங்கறது யாரும்மா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். கூடப் பிறந்தவர் கையால் போர்த்த வேண்டிய சேலை. அதை இப்போது யார் போர்த்துவது என்று பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்க, அம்மாவே கவரைக் கிழித்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். சேலை நல்ல கனம் மாமா. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எதையும் கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. போன வாரம் எனக்கு நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கும் அப்பாவுக்கும் நடந்த சண்டையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நீங்கள் உங்கள் கட்சியில் ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றீர்கள். அப்பா அவர் கட்சி ஆளுக்காக உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நோட்டீஸ் கொடுத்தார். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில்தான் குழம்பு வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் நீங்களும் தோற்றீர்கள், அப்பாவின் ஆளும் தோற்றார், ஜெயித்தது ஒரு சுயேச்சை. அவர் இப்போது எந்தக் கட்சி என்று அவர் வீட்டிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஆனால் மச்சானும் மச்சானும் பேச்சை விட்டது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் பேசிவிட்டேன். மன்னிக்கவும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் படம் இன்னும் திறக்கப்படவில்லை. மாநாட்டுக்குப் போய்விட்டு வேனில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் சாய்ந்த மேனிக்கே அப்பா போய்விட்டார், அசந்து தூங்குகிறார் என்று ஊர் வந்து சேரும்வரை யாரும் எழுப்பவில்லை, இதுவரை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கட்சியில் ஒன்றியச் செயலாளர் வந்து, “கருமாதி அன்னிக்கு நம்ம அய்யாக்கண்ணு தலைவரையே கூட்டிட்டு வந்து படத்திறப்பு வச்சிருவோம், நீ கவலப்படாத வேம்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். படம் தேடினால் அப்பா தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் ஓரத்தில் நிற்கிறார், பாதித் தோள்தான் இருக்கிறது. யாரோ கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் அப்பாவைத் தனியாகப் பிரித்து, தாமாகவே ஒரு கோட்டும் டையும் மாட்டிவிட்டார். அம்மா ஸ்டூடியோ வாசலில் நின்று, “எந்த சென்மத்துல இவரு கோட்டுப் போட்டாரு? போற எடத்துல கூட வேலை செஞ்சவங்க எப்புடி அடையாளம் கண்டுக்குவாங்க?” என்று சண்டை போட்டு, வெள்ளைச் சட்டைக்கு மாற்றி வாங்கி வந்தாள். நான் அதை ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அதற்குள் கட்சித் துண்டைப் போட்டு மூடி நாற்காலியில் வைத்துவிட்டார்கள்.

தலைவர் வரவில்லை. ஜனங்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள், பந்தல்காரர் வந்து நாற்காலியைக் கேட்டார், படத்தைத் தூக்கி அலமாரி மேல் வைத்தோம். யாராவது ஒருவர் துண்டை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அம்மா ஒரே பிடிவாதம். “வர்றேன்னு சொன்னவங்க வந்து எடுக்கட்டும். நீங்க யாரும் கை வைக்கக் கூடாது.” அன்றைக்கு மூடினது மாமா. வருஷம் ஆகப்போகிறது. அம்மா தினமும் மூடின படத்துக்கு முன்னால்தான் விளக்கு வைக்கிறாள், துண்டில் தூசி படிந்தால் மேலாகத் தட்டுகிறாள், துவைக்க வேண்டுமானால் எடுக்க வேண்டுமே என்று துவைப்பதில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவர், “டிவி புதுசாக்கா? எத்தன இன்ச்சு?” என்று கேட்டார். அம்மா, “அது ஓடாது தம்பி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். அய்யாக்கண்ணு தலைவர் இப்போது ஒரு மாநில வாரியத்துக்குத் துணைத் தலைவர். ஊரக நலத்திட்ட ஒருங்கிணைப்பு வாரியம் என்று பெயர். அது என்ன செய்யும் என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு வாரம் அதற்கு வேலை செய்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ‘மக்கள் சந்திப்பு வாரம்’ நடத்துவதற்கு, மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பட்டதாரி தேவை என்று சொல்லி என்னை எடுத்தார்கள். அம்மாவுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. “அவரு கூடவே போகப்போற. ஒரு வார்த்த கேளு. வருசத்துக்குள்ள வந்து அப்பா படத்தத் தொறந்து வச்சுட்டுப் போங்கன்னு கேளு. வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்கு?” என்றாள். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு இதையும் கொடுத்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை பெரம்பலூரில் தொடங்கினோம். தலைவர், அவருடைய உதவியாளர் பிரேம் சார், டிரைவர் பாவாடை அண்ணன், பின் சீட்டில் நானும் சால்வைகளும். சால்வைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வருகிற ஒவ்வொரு சங்கமும் தலைவருக்கு ஒரு சால்வை போடுகிறது, சால்வைக்கு வசதி இல்லாதவர்கள் ஒரு துண்டு போடுகிறார்கள். அவற்றை நான் மடித்துக் கவரில் போட்டு வைக்க வேண்டும், அடுத்த ஊரில் தலைவர் அதையே அங்கே இருக்கிற பெரியவர்களுக்குப் போடுவார். இதற்கு இடையில் தலைவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. துணியோடு யாராவது பக்கத்தில் வந்தால் போதும், யார் என்ன என்று பார்க்க மாட்டார், பேசிக்கொண்டிருக்கிற பேச்சை நிறுத்தாமல் கண்ணை மூடிக் கழுத்தை மட்டும் நீட்டுவார். போனில் பேசும்போதும் நீட்டுவார். மத்தியானம் மேஜை துடைக்கிற அம்மா துணியோடு வந்தபோதும் கழுத்து கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு முதலில் வந்தவர்கள் ரயில் கேட்க வந்த பெரியவர்கள். பெரம்பலூருக்கு யார் வந்தாலும் இந்த மனுவைக் கொடுப்பார்களாம், கால்நடை டாக்டருக்கும் கொடுத்திருக்கிறார்களாம். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, “ரயிலு நம்ம வாரியத்துல வராதுங்களே” என்றார்.

“அப்ப பஸ்ஸாச்சும்?”

“அதுவும் வராது.”

“பின்ன என்னங்க வரும்?”

“உங்க கொறையக் கேக்க வந்துருக்கேன்.”

“கேட்டுட்டீங்களா?”

“கேட்டுட்டேன்.”

“சரி, அப்ப நாங்க வரோம்” என்று எழுந்தவர் ஒருவர், வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, “சால்வைய மட்டும் குடுத்துடுங்க, அடுத்த வாரம் வேற ஒருத்தர் வராரு” என்றார். நான் கவரில் தேடிக் கொடுத்தேன். எது அவர் போட்டது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, பார்த்தால் நல்லதாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். கூட்டம் குறைந்ததும் நான் தலைவர் பக்கத்தில் போய் நின்று, “ஐயா” என்றேன். அவர் என்னைப் பார்த்து, “தண்ணியாம்மா? இந்தா” என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். தாகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை லப்பைக்குடிக்காடு. ஜமாத்து மண்டபத்தில் நல்ல மரியாதை. ஷேக் தாவூது பாய் என்கிற பெரியவருக்குத் தலைவர் சால்வை போட்டதும் அவர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, என் பக்கம் குனிந்து மெதுவாக, “இது எங்க சம்பந்தி கடைச் சரக்கு. போன மாசம் எங்க சங்கத்துலேர்ந்து தலைவருக்குப் போட்டதும்மா. அல்ஹம்துலில்லாஹ், வூடு வந்து சேந்துடுச்சு” என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. அவர், “ஒன்னும் இல்ல, விடும்மா” என்று எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். அங்கே ஷரீபா என்று ஒரு அக்கா மனு கொண்டுவந்தார். அவருடைய வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். தலைவர், “நிவாரணம் எதும் வரணுமாம்மா?” என்று கேட்டார். “அதெல்லாம் வந்துடுச்சுங்க. அந்த எடத்த யாராச்சும் ஒரு போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. புள்ளைங்க கேக்குது, எந்தப் பக்கம் பாத்து துவா செய்யறதுன்னு” என்றார். தலைவர் “ஆவன செய்கிறோம்” என்றார். பிரேம் சார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் அந்த மனுவை ஏற்றும்போது இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

புதன்கிழமை ஜெயங்கொண்டத்தில் எனக்கு நல்ல நேரம் என்று நினைத்தேன். ஏனென்றால் அங்கே ஒரு படத்திறப்பு. இறந்தவர் முந்திரி வியாபாரி, பெரிய வீடு. போகிற வழி ஒரு குறுகின சந்து, எதிரே மாட்டுவண்டி வேறு. பாவாடை அண்ணன் காரைத் திருப்ப முடியாமல் ரிவர்ஸிலேயே வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்குகிற நேரத்தில் பிரேம் சார் காதில் ஒரு பேரைச் சொன்னார். தலைவர் போய் நின்று, திரையை இழுத்து, பூவைப் போட்டு, “கூடப் பொறக்காத என் தம்பியை இழந்துட்டு நிக்கிறேன்” என்று சொல்லும்போது கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் சேர்ந்து அழ, எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கும் இப்படி ஒருவர் வந்து அழ வேண்டும் என்றுதானே அம்மா ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து காரில் ஏறினதும் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “யாருய்யா அது?” என்று கேட்டார். பிரேம் சார், “தெரியலைங்கய்யா, ஒன்றியத்துல போகச் சொன்னாங்க” என்றார். நான் அதற்குப் பிறகு எதைக் கேட்பது மாமா? டீ குடிக்க நிறுத்தின இடத்தில் பாவாடை அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழுவுறது நெசந்தான் பாப்பா. யாருக்குன்னு மட்டும் அவருக்குத் தெரியாது. அவங்க அப்பா செத்தப்ப தேர்தல் நேரம், அழுவ நேரம் கெடைக்கல. அப்பலேர்ந்து எங்க போனாலும் இப்புடித்தான்” என்றார்.

வாயால் கேட்க முடியவில்லை என்பதால் வியாழக்கிழமை அரியலூரில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சிமெண்ட் லாரிகளால் வீட்டுக்குள் புழுதி வருகிறது என்று மனுக் கொடுக்க வந்த கூட்டத்தோடு கூட்டமாக, நானும் அப்பாவுக்காக ஒரு மனு எழுதி அடுக்கில் வைத்துவிட்டேன். மனுக்களை ஏற்றுகிற ஆள் நான்தானே. ஏற்றினேன். எந்தத் துறை என்று கேட்டது. சாலை, குடிநீர், மின்சாரம், பட்டா எல்லாம் இருந்தது, படத்திறப்பு இல்லை. பிரேம் சாரிடம் யாருடைய மனு என்று சொல்லாமல் கேட்டேன். “எதுலயும் வரலன்னா ‘மற்றவை’யில போட்டு விடுங்க மேடம். பாத்துக்கலாம்” என்றார். அப்பாவை மற்றவையில் போட்டேன். உடனே என் போனுக்கே, “தங்கள் மனு பெறப்பட்டது, உரிய நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது” என்று மெசேஜ் வந்தது. அந்த வாசகத்தைத் திங்கட்கிழமை தட்டச்சு செய்து கொடுத்தவளே நான்தான். இருந்தாலும் வந்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது மாமா.

வெள்ளிக்கிழமை ரஞ்சன்குடியில் கோட்டைக்கு விளக்குப் போட வேண்டும் என்று இளைஞர் சங்கத்தினர் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் படி ஏற முடியாமல் கீழேயே நின்று கோட்டையைப் பார்வையிட்டார். அப்போதுதான் பாவாடை அண்ணன் எனக்காகச் சொன்னார். “ஐயா, இந்தப் பொண்ணு நம்ம வீரமணி மகளுங்கய்யா. வாரம் பூரா ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு கேக்கணும்னு முழுங்கிக்கிட்டு இருக்கு.”

“எந்த வீரமணி?”

“கொடி கட்டுவாருங்களே. எங்க கூட்டம்னாலும் மொத நாளே வந்து கம்பம் நட்டுட்டு நிப்பாரு.”

தலைவர் யோசித்தார். ஞாபகம் வந்ததா, வந்த மாதிரி செய்தாரா தெரியவில்லை, என் தலையில் கை வைத்தார். “கூடப் பொறக்காத என் தம்பிம்மா அவன்” என்றார். கண் கலங்கியது. புதன்கிழமை கேட்ட அதே வார்த்தைதான். ஆனாலும் மாமா, நமக்கென்று சொல்லும்போது அது வேறு மாதிரிதான் இருக்கிறது. படத்திறப்பு என்று பாவாடை அண்ணன் சொல்லி முடிப்பதற்குள், “நாளைக்கே வரேன், அம்மாகிட்ட சொல்லு” என்றார். நான் பஸ்ஸில் வரும்போதே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா உடனே, “எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு போர்டு வச்சுடுவமாடி?” என்று கேட்டாள். ஊர் ஊராகத் தெரியட்டும் என்றாள். எனக்கு அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

போர்டு அடிக்கிற கடையில் தலைவர் சிரிக்கிற படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, அப்பாவுக்காக ஓரத்தில் ஒரு வட்டம் விட்டிருந்தார்கள். அப்பா படம் மூடி இருக்கிறதே, அதனால் வட்டத்தில் ஒரு மெழுகுவர்த்தியைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்பா போர்டிலும் ஓரத்தில்தான்.

நேற்று, சனிக்கிழமை, தெருவே கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. நாற்காலி, சர்பத், மாலை எல்லாம் தயார். அம்மா நீங்கள் அனுப்பின சேலையைக் கட்டியிருந்தாள். நான் தலைவர் காரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் தண்ணீர்த் தொட்டி அருகே கார் நின்றுவிட்டது. பிரேம் சார் எங்கள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள போனா வண்டி திரும்பாதுங்கய்யா” என்றார். தலைவர், “நடக்கலாம்னா எனக்குக் காலு வேற” என்றார். முந்திரி வியாபாரி வீட்டுச் சந்து இதில் பாதிதான் இருக்கும். பாவாடை அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேம் சார் என்னைத் திரும்பிப் பார்த்து, “மேடம், நீங்களே போயி படத்த இங்க எடுத்துட்டு வரச் சொல்லிருங்களேன். ஒரு நிமிசத்துல முடிச்சிரலாம்” என்றார். நான் இறங்கிப் போனேன். முடியாது என்று சொல்லத் தெரியவில்லை மாமா, போனேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், வந்திருந்த ஜனங்களைப் பார்த்தாள், துண்டு மூடின படத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் தெருவே வந்தது. மாலையை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா கார் ஜன்னல் பக்கத்தில் போய் நின்று, படத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். தலைவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி தெரிந்தது. கண்ணை மூடினார், தலையைக் குனிந்து ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டினார்.

அப்பாவுக்குத்தான் தலை குனிகிறார் என்று அம்மா நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள், அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். தெருவில் சில பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும்தான் அந்தக் கழுத்து என்ன என்று தெரியும். போனில் பேச்சு நிற்கவில்லை. குனிந்த தலையும் நிமிரவில்லை. முன் சீட்டிலிருந்து பிரேம் சார், “போடுங்கம்மா, சீக்கிரம் போடுங்க, அடுத்த ஊருக்கு நேரமாவுது” என்றார்.

அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. “இது ஒங்களுக்குப் போடுற துண்டு இல்லீங்க” என்றாள். “எங்க வூட்டுக்காரரு படம்.”

தலைவர் கண்ணைத் திறந்து, ரொம்பப் பிரியமாக, “அடடே, நீதான் வீரமணி சம்சாரமா? எங்கம்மா அவன? வரச் சொல்லு, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்” என்றார்.

பிரேம் சார் அவசரமாகக் குனிந்து காதில் சொன்னார். தலைவர் முகம் மாறி, உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கூடப் பொறக்காத...” என்று ஆரம்பித்து, துண்டை எடுக்கக் கையை நீட்டினார். அம்மா ஒரு அடி பின்னால் போய்விட்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை மாமா. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, “இருக்கட்டுங்க. படத்த வூட்டுல வச்சுத்தான் தொறக்கறது, ரோட்டுல வேணாம். ஒங்களுக்கு வேல இருக்கும், போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். கார் கிளம்பியது. என்னையும் ஏறச் சொன்னார்கள், ஏறினேன். வாரத்தின் அறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டி இருந்தது. அதில் சனிக்கிழமைக்கு நேராக என்ன போடுவது என்று கேட்டேன். “படத்திறப்பு, சிறப்பாக நிறைவுற்றது, அப்படின்னு போட்டுடுங்க” என்றார் பிரேம் சார். போட்டேன். அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் அப்பா படம் திறந்தாச்சு மாமா. வூட்டுலதான் மூடி இருக்கு.

இவ்வளவுதான் விஷயம். உங்கள் நேரத்தை ரொம்ப எடுத்துக்கொண்டேன். வருஷத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை, கம்பெனியில் இப்போது ஆர்டர் நேரம், லீவு கிடைக்காது என்று அத்தை சொன்னார்கள். அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள். அவள் உங்கள் பேரையே எடுப்பதில்லை. சுமதி அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். தம்பியை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள், வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்கா மகள்,
முத்தமிழ்.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதினதை எல்லாம் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். எதையும் கேட்பதற்காக எழுதவில்லை என்று சொன்னேன், அது பொய். அம்மா உங்கள் பேரை எடுப்பதில்லை என்று சொன்னதும் நேற்று சாயங்காலம் வரைக்கும்தான் உண்மை. வேலை முடிந்து வந்ததும் நான், “இனி யாரும் வேணாம்மா, நானே எடுத்துடுறேன்” என்று அலமாரிகிட்ட போனேன். அம்மா கையைப் புடிச்சு இழுத்துட்டா. “கூடப் பொறந்தவன் ஒருத்தன் உசுரோட இருக்கையில ஒனக்கு என்னடி அவசரம்?” அப்படின்னா. எனக்கு ஒன்னும் புரியல. அப்ப தலைவரைக் கூட்டிட்டு வரச் சொல்லி என்னை எதுக்கு அந்த விரட்டு விரட்டுனன்னு கேட்டேன். “அவங்க கட்சித் தலைவரு வந்து தொறந்தாருன்னு போர்டப் பாத்து யாராச்சும் அவனுக்குச் சொல்லுவாங்கல்ல. நம்ம அக்கா வூட்டுல அவன் யாருடா தொறக்கன்னு கோவத்துலயாச்சும் கெளம்பி வருவான்னு பாத்தேன்” அப்படின்னு சொல்லிட்டு, அப்பறம் அழுதா மாமா. கருமாதிக்குக்கூட அழாதவ அழுதா.

வருஷம் வர்ற வெள்ளிக்கெழம. நீங்க கோவத்தோடயே வாங்க. உங்க கட்சி வேட்டியவே கட்டிக்கிட்டு வாங்க, அப்பா இப்ப ஒன்னும் சொல்ல மாட்டாரு. பெரம்பலூர்ல எறங்கி ஒரு போன் மட்டும் பண்ணுங்க, நான் எடுத்துப் பேசிடுவேன். வந்து உங்க கையால அந்தத் துண்ட எடுத்துட்டுப் போங்க மாமா. எனக்கு அப்பா மொகத்தப் பாக்கணும்.